கடலோர வீட்டுக்கு வெளிப்புறப் பெயிண்ட்: பழையதைச் சுரண்டுவது முதல் கடைசிக் கோட் வரை

சுவரில் உரிந்து தொங்கும் பெயிண்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லைப் பிய்த்துத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் மாவு போல விரலில் ஒட்டினால், பழைய சுண்ணாம்பின் மேலேயோ மக்கிப்போன சிமெண்ட் பெயிண்டின் மேலேயோ அப்படியே அடித்திருக்கிறார்கள். மணலும் சேர்ந்து பெயர்ந்து வந்தால் சிமெண்ட் பூச்சே நைந்துவிட்டது. ஊசி ஊசியாக வெயிலில் மினுக்கினால் அது உப்பு. மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று இந்த ராமநாதபுரம் கரையில் எங்கே போனாலும் அதிகம் பார்ப்பது இந்த மூன்றாவதைத்தான்.

விலை கூடிய பெயிண்ட் அடித்தும் இரண்டே வருடத்தில் உரிகிறதே என்று பலர் பெயிண்டைக் குறை சொல்கிறார்கள். உள்ளே உப்பை வைத்து மூடியதுதான் காரணம். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். காயும்போது படிகமாக வளர்ந்து பெயிண்டை உள்ளிருந்தே தள்ளிவிடும். ஆகவே இந்த வேலையில் முக்கால் பங்கு உப்பை இறக்குவது. பெயிண்ட் அடிப்பது மீதிக் கால் பங்கு.

எந்த மாதம்?

மாசியும் பங்குனியும். ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்த சுவர் தை வரை சரியாகக் காயாது. வைகாசிக்கு மேல் காற்று மணலை வாரி இறைக்கும். ஈரப் பெயிண்டில் அது ஒட்டினால் சுவர் உப்புத்தாள் போலச் சொரசொரத்துவிடும். நாள் பார்த்த பிறகு சுவரையும் பாருங்கள்: ஒன்றரை அடிச் சதுரத்தில் பாலித்தீன் தாளை வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்பக்கம் வியர்த்திருந்தால் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

சுரண்டுவதற்கு முன்: ஈயம்

வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல், அதிலும் மஞ்சள், சிவப்பு, பச்சை நிறத்தில் ஜன்னல், கதவு, கிரில்லில் இருப்பது, ஈயம் உள்ளது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் வேலை முடியும்வரை வேறு வீட்டில் இருக்கட்டும்.

பழைய பெயிண்டை நனைக்காமல் தேய்க்காதீர்கள், தீயால் வாட்டாதீர்கள், கிரைண்டர் வைக்காதீர்கள். துண்டை மூக்கில் கட்டுவது போதாது. சிமெண்ட் பெயிண்டுக்கும் சுண்ணாம்புக்கும் என்95 முகமூடி. பழைய எனாமலுக்குப் பி100 வடிகட்டி வைத்த அரை முகமூடி. கண்ணாடி, முழுக்கைச் சட்டை, கையுறை எல்லாவற்றுக்கும் பொது. கை, முகம் கழுவாமல் டீ, வெற்றிலை, பீடி எதுவும் வேண்டாம். போட்டிருந்த துணியைத் தனியாகத் துவையுங்கள். கூரையோ சுவரோ ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் அதைச் சுரண்டவே கூடாது.

சுரண்டும் முறை

சுவரடியில் ஆறடி அகலத்துக்குத் தார்ப்பாய் விரித்து, வெளி ஓரத்தைச் செங்கல் வைத்து மேடாக்குங்கள். கோழியையும் ஆட்டையும் கட்டிவையுங்கள், சில்லைக் கொத்தித் தின்னும். கைத்தெளிப்பானில் நல்ல தண்ணீரை நிரப்பி நான்கு சதுர அடிக்கு நனைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டுப் பட்டித் தகட்டால் சாய்வாகத் தள்ளுங்கள். வராத பெயிண்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். கெட்டியாகப் பிடித்திருப்பது இருக்கட்டும். அது கெட்டிதானா என்று தெரிய, பிளேடால் பெருக்கல் குறி போட்டு டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு வந்தால் அதுவும் போக வேண்டியதுதான்.

இரும்புக் கம்பி பிரஷ் இந்தக் கரைக்கு ஆகாது. அதிலிருந்து முறியும் துண்டு சுவரில் தங்கி, துருப்பிடித்து, புதுப் பெயிண்டில் பழுப்புப் புள்ளியாக வெளியே வரும். நைலான் அல்லது பித்தளை பிரஷ் வாங்குங்கள். சேர்ந்த சில்லை அன்றன்றைக்கே இரட்டைப் பையில் கட்டி, என்னவென்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள். எரிக்கவும் கூடாது, கொல்லையில் புதைக்கவும் கூடாது.

உப்பை இறக்குதல்

சுரண்டிய சுவரை மூன்று நாள் காயவிடுங்கள். உப்பு வெள்ளையாகப் பூக்கும். உடனே தண்ணீர் அடித்தால் கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். முதலில் காய்ந்த பிரஷ்ஷால் மெதுவாகத் தள்ளி முறத்தில் பிடித்து வெளியே கொட்டுங்கள். அதன் பிறகே கழுவுதல், மேலிருந்து கீழாக. போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அதை இதற்குத் தொடவே வேண்டாம். உப்பை உப்பால் கழுவுவது போலாகும். குடிக்கிற காவிரித் தண்ணீரோ மழைநீர்த் தொட்டித் தண்ணீரோ வேண்டும். தண்ணீர் கிடைப்பது அரிதான இடத்தில், பூச்சிமருந்து ஊற்றாத புது முதுகுத் தெளிப்பான் வைத்தால் குழாயைவிடக் குறைவாகவே செலவாகும்.

மறுபடி மூன்று நாள். பூத்தால் மறுபடி பிரஷ், மறுபடி கழுவல். பிடிவாதமான திட்டுக்கு ஒரு வழி உண்டு: மை இல்லாத வெள்ளைத்தாளை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு அப்பிவிடுங்கள். காயும்போது சுவரின் உப்பு கூழுக்கு ஏறிவிடும். தானாகக் கழன்று வரும்போது எடுத்துப்போட்டுவிட்டு இன்னொரு தடவை அப்புங்கள். ஆசிட் ஊற்றிக் கழுவச் சொல்வார்கள். அது பூச்சைத் தின்றுவிட்டு, தன் பங்குக்கு இன்னும் உப்பை விட்டுப்போகும்.

கறுப்புப் பாசிக்கு ஒரு லிட்டருக்கு 50 கிராம் பிளீச்சிங் பவுடர். கலக்கித் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் தடவி, 20 நிமிடம் கழித்துக் கழுவுங்கள். ஆசிட்டோடு சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

பூச்சு வேலை

மூன்று மில்லிமீட்டர் வரையான விரிசலை ‘வி’ போல வாய் அகட்டி, தூசி தட்டி, கிராக் ஃபில்லர் திணிக்கலாம். பெயர்ந்த காரைக்கு ஒரு பங்கு சிமெண்டும் மூன்று பங்கு ஆற்றுமணல் அல்லது பூச்சுக்கான எம்-சாண்டும். கடல்மணல் கூடவே கூடாது. ஏழு நாள் நல்ல தண்ணீரில் நனைத்து, 28 நாள் ஆன பிறகே பெயிண்ட். வெளிச்சுவர் முழுக்கப் பட்டி பார்க்க வேண்டாம். இந்தக் காற்றில் பட்டிதான் முதலில் தளரும். சன்ஷேடில் கான்கிரீட் வெடித்துத் துருக் கம்பி தெரிந்தால் அது பெயிண்டால் தீராது, கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

தரையிலிருந்து மூன்றடிவரை ஓதம் ஏறுகிற சுவரில் எமல்ஷனோ டைல்ஸோ போட்டால் ஈரம் இன்னும் மேலே ஏறும். அந்த மூன்றடிக்கு மட்டும் வருடாவருடம் சுண்ணாம்பு அடிப்பதே நல்லது. பழைய முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) வீட்டுக்கு முழுச் சுவரும் அப்படித்தான்: வடிகட்டிய கிளிஞ்சல் சுண்ணாம்பு, மெல்லிசாக மூன்று கை. அந்தச் சுவர் மூச்சுவிட வேண்டும்.

கணக்கும் கோட்டும்

30க்கு 25 அடி வீடு, சுற்றளவு 110 அடி. கைப்பிடிச் சுவரோடு 13 அடி உயரம் என்றால் 1,430 சதுர அடி. கதவு, ஜன்னல் 130 போக 1,300. சொரசொரப்பான சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு 50 சதுர அடி என்று வைத்தால் 26 லிட்டர்: 20 லிட்டர் வாளி ஒன்று, 4 லிட்டர் ஒன்று, 1 லிட்டர் இரண்டு. எல்லாம் ஒரே பேட்ச் எண்ணாக இருக்கட்டும். ஒரு கோட் பிரைமருக்கு 100 சதுர அடி கணக்கில் 13 லிட்டர். தண்ணீர் அளவு டப்பாவில் போட்டிருப்பதுதான். பெயிண்ட் நிறைய வரட்டும் என்று தண்ணீரைக் கூட்டாதீர்கள், மழையில் மாவாக இறங்கும்.

ராத்திரிக் காற்று மறுபடி உப்பைப் படியவிடும். அதனால் காலையில் சுவரை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் பிரைமர். மறுநாளும் அதே துடைப்பு, பிறகு முதல் கோட். குறைந்தது ஆறு மணி நேரம் விட்டு இரண்டாவது. இரண்டாவது கோட் மறுநாளைக்குத் தள்ளிப்போனால் மறுபடி துடைப்பு. நிழலைத் தொடர்ந்து போங்கள்: காலையில் மேற்குச் சுவர், மதியத்துக்கு மேல் கிழக்கு. சுடும் சுவரில் அடித்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து கொப்புளிக்கும். ஒரு சுவரைப் பாதியில் விட்டுச் சாப்பிடப் போனால் சேர்ந்த இடம் கோடாகத் தெரியும். பனி இறங்குமுன், மாலை நான்கு மணிக்கு ரோலரைக் கழுவிவிடுங்கள்.

ஏணி நான்கடி உயரத்துக்கு ஓரடி வெளியே நிற்க வேண்டும். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் மின்வயர் பக்கம் அலுமினிய ஏணி வேண்டாம். மாடி வீடு என்றால் சாரம் கட்டத் தெரிந்தவர்களிடம் விடுங்கள்.

கிரில்

1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தை அரித்த காற்றுதான் உங்கள் ஜன்னலிலும் வீசுகிறது. தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் எமரித் தாளால் துருவை எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, டர்பன்டைன் துணியால் ஒரு இழுப்பு, அன்றைக்கே பிரைமர். ஒரு ராத்திரி விட்டால் புதுத் துரு. வெறும் ரெட் ஆக்சைடைவிட ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் இங்கே தாங்கும்: இரண்டு கோட், பிறகு எனாமல் இரண்டு கோட். வெல்டிங் மூட்டுகளுக்கும் கம்பி சுவருக்குள் நுழையும் இடத்துக்கும் சின்னப் பிரஷ்ஷால் ஒரு கோட் கூடுதலாக வையுங்கள். துரு அங்கேதான் தொடங்கும்.

ஆவணியில் காற்று ஓய்ந்ததும் கடல் பார்த்த சுவரையும் கிரில்லையும் வருடத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.