செம்பருத்தியில் எறும்பு ஏறினால் நுனியைப் பாருங்கள்

பங்குனி, சித்திரையில் செம்பருத்தி துளிர்விடும்போது தண்டில் எறும்பு வரிசையாக ஏறி இறங்கினால், உடனே எறும்புப் பொடி தேடாமல் அது போய் நிற்கும் இடத்தைப் பாருங்கள்: நுனிக் கொழுந்து, மொட்டின் காம்பு, இலையின் அடிப்பக்கம். பஞ்சைக் கிள்ளி ஒட்டியதுபோல வெள்ளையாக இருந்தால் மாவுப்பூச்சி, கடுகைவிடச் சின்னதாகப் பச்சையாகவோ கறுப்பாகவோ அப்பியிருந்தால் அசுவினி.

இவை சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான கழிவை விடும். எறும்பு வருவது அதற்குத்தான், அவற்றைத் தின்ன வரும் பொறிவண்டையும் அதுவே விரட்டிவிடும். எறும்பு கண்ணில் பட்ட அன்றே பார்த்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு கிளையில்தான் இருக்கும், அந்தக் கொழுந்தைக் கிள்ளி ஒரு பையில் கட்டிப் போட்டுவிட்டு (செடிக்கு அடியிலேயே போட்டால் திரும்ப ஏறிவிடும்) மீதியில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிவிட்டால் மருந்துச் செலவு மிச்சம். இலை சுருண்டு மொட்டு உதிர ஆரம்பித்துவிட்டதா, அப்புறம் தண்ணீர் மட்டும் போதாது.

காராமணிக் கொடிக்கு இந்தக் கணக்கு சரிவராது. அதன் பூக்காம்பிலேயே தேன் சுரக்கும், பூச்சி இல்லாவிட்டாலும் எறும்பு மொய்க்கும். மாமரத்தில் இலையைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் முசுறும் வேறு கதை. அதைக் கிளறினால் கடிதான் கிடைக்கும்.