பிடித்த இசையைக் காதில் வைத்துக்கொண்டு மாடலரைத் திருகும்போது

புதிதாக ஆம்ப் மாடலர் (பல கிட்டார் ஆம்ப்ளிஃபையர்களின் ஒலியை டிஜிட்டலாகப் போலச் செய்யும் கருவி) வாங்கியவர் முதல் அரை மணி நேரத்தில் என்ன செய்கிறார் என்று பார்த்தாலே, அவர் எந்த இசை கேட்டு வளர்ந்தவர் என்று சொல்லிவிடலாம். மெட்டல் ரசிகர் கெய்னை (டிஸ்டார்ஷனை, அதாவது ஒலியின் கரகரப்பைக் கூட்டும் குமிழ்) ஏற்றி மிட்டை (நடு அலைவரிசை) இறக்குவார். ப்ளூஸ் பிடித்தவர் பழைய மார்ஷல் மாடலைத் தேடிப் போவார். ஜாஸ் பிடித்தவர் ட்ரெபிளை (உயர் ஒலி) மூடுவார். ஆம்பியன்ட் பக்கம் போனவர் ஆம்பைத் தொடுவதற்கு முன்பே ரிவெர்பை (பெரிய அறையில் கேட்பது போன்ற எதிரொலி) திறந்துவிடுவார். இதில் தப்பு ஒன்றும் இல்லை. பிடித்த இசை இல்லாமல் யாரும் டோன் தேடுவதில்லை. ஆனால் அந்த ஆசை நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிற சில இடங்களில் நானும் ரொம்ப காலம் நின்றிருக்கிறேன். இப்போது புதியவர்கள் அதே இடங்களில் சிக்குவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். கேபிள், சுருதி, பழைய கம்பி போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை வாசிக்க வாசிக்கத் தானே புரியும்.

ஆல்பத்தில் கேட்கும் முழுச் சத்தத்தையும் ஒரு கிட்டாரிடம் கேட்பது

எனக்கு இன்றும் எரிச்சல் தருகிற தவறு இது. பணத்தை அதிகம் தின்பதும் இதுதான்.

பிடித்த ஆல்பத்தில் ஒரு கிட்டார் கனமாக, அகலமாகக் கேட்கிறது. அதே கனத்தை ஒரே கிட்டாரில், ஒரே பேட்சில் (மாடலரில் சேமித்துவைத்த ஒரு டோன் அமைப்பு), ஹெட்ஃபோனில் வரவழைக்கப் பார்க்கிறோம். ஆனால் நாம் கேட்டது ஒரு கிட்டாரே இல்லை. மெட்டலில் ஒரே ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) குறைந்தது இரண்டு முறை தனித்தனியாக வாசித்து, ஒன்றை இடது பக்கமும் மற்றதை வலது பக்கமும் வைப்பது வழக்கம். நான்கு முறை வாசிப்பவர்களும் உண்டு. அகலம் அங்கிருந்து வருகிறது. நெஞ்சில் இடிக்கிற கனமோ பெரும்பாலும் பேஸ் கிட்டாருடையது, கிக் ட்ரம்முடையது. சாதாரண சுருதியில் கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ், பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒரே ரிஃப்பை வாசிக்கும்போது காது அதை ஒரே பெரிய கிட்டாராக எடுத்துக்கொள்கிறது. கெய்னும் அப்படித்தான். பல டிராக்குகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேரும்போது டிஸ்டார்ஷன் அடர்த்தியாகக் கேட்கும்; ஒரு டிராக்கை மட்டும் தனியே கேட்டால் இவ்வளவு குறைவான கெய்னா என்று தோன்றும்.

இது தெரியாமல் உட்காருகிறவர் பேஸ் குமிழை (அடி ஒலி) பத்துக்கு 8இல் வைப்பார், மிட்டை 1இல், கெய்னை 9இல். வீட்டில் தனியாகக் கேட்க அருமையாக இருக்கும். அதுதான் சிக்கல்.

ஒரு தம்பி ஒத்திகைக்கு இப்படி ஒரு பேட்சோடு வந்தார். தனியாக வாசித்துக் காட்டியபோது அறையே நிறைந்தது. ட்ரம்ஸ் ஆரம்பித்ததும் கீழே இருந்ததைப் பேஸ் கிட்டார் விழுங்கியது, மேலே இருந்ததைச் சிம்பல் விழுங்கியது. கிட்டாருக்கு இடம் இருந்ததே நடுவில்தான். அதை அவரே வெட்டி எறிந்திருந்தார். மிஞ்சியது பிக் உரசுகிற சத்தம் மட்டும். வால்யூமைக் கூட்டினார். பாடுகிறவருக்குத் தன் குரலே கேட்காமல் போயிற்று. இடைவேளையில் பேஸை 4க்கும் கெய்னை 5க்கும் இறக்கி, மிட்டை 6க்கு ஏற்றிக் கொடுத்தேன். தனியாக வாசித்துப் பார்த்துவிட்டு, "மூக்கடைச்ச மாதிரி இருக்குண்ணா" என்றார். தனியாகக் கேட்டால் அப்படித்தான் இருக்கும். எல்லோருமாகச் சேர்ந்து வாசித்து, போனில் பதிந்ததைக் கேட்டபோது ஒவ்வொரு பாம் மியூட்டும் (உள்ளங்கையால் கம்பியை அமுக்கி வாசிக்கும் அடி) தெளிவாக விழுந்தது. அப்படியும் வீட்டுக்குப் போய்ப் பழைய பேட்சுக்கே திரும்பிவிட்டார். பிறகு மாடலர்தான் சரியில்லை என்று முடிவுகட்டி, அதை விற்றுவிட்டு இன்னும் விலை கூடிய ஒன்றை வாங்கினார். புதியதிலும் மிட் 1தான். குறை கருவியில் இல்லை என்று தெரிந்தும், ஒருவர் அதற்காகக் காசைக் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டமாக இருக்கிறது.

இதில் சத்தத்தின் அளவும் சேர்ந்து ஏமாற்றும். மெதுவான சத்தத்தில் நம் காது கீழ் அலைவரிசைகளைக் குறைவாக உணர்கிறது என்பதை ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். அதனால் இரவில் மெதுவாக வைத்துக்கொண்டு "கனம் போதவில்லை" என்று ஏற்றிய பேஸ், மேடையில் சத்தம் கூடியதும் பூதாகாரமாக வந்து நிற்கும். டோன் அமைக்கும்போது ஒரு ட்ரம்ஸ், பேஸ் கிட்டார் டிராக்கை ஓடவிட்டு, வாசிக்கப்போகிற சத்தத்துக்குப் பக்கமாக வைத்துத் திருகுங்கள். 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை ஹை பாஸ் ஃபில்டரால் வெட்டுங்கள். சுருதியை ரொம்ப இறக்கி வாசிப்பவர்கள் மட்டும் அந்த எல்லையைக் கொஞ்சம் கீழே தள்ளிக்கொள்ளலாம். ஆல்பத்தின் அகலம்தான் வேண்டும் என்றால் கெய்னைக் குறைத்து இரண்டு முறை வாசித்துப் பதியுங்கள். ஒரு முறை வாசித்ததைப் பிரதி எடுத்து இரு பக்கமும் வைத்தால் அகலம் வராது, சத்தம்தான் கூடும். இரண்டு வாசிப்புக்கும் இடையே இருக்கிற சின்னச் சின்ன வித்தியாசங்கள்தான் அகலமாகக் கேட்கின்றன.

ஆம்பின் பெயரை மட்டும் பார்ப்பது

"இந்த இசைக்கு இந்த ஆம்ப்" என்ற பட்டியல் எல்லோரிடமும் இருக்கிறது. அந்த ஆம்ப் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. நல்ல மாடல் என்றால் அசலின் வினோதங்களும் சேர்ந்தே வரும்.

மெசா பூகி மார்க் வரிசையில் பேஸ், மிட், ட்ரெபிள் குமிழ்கள் டிஸ்டார்ஷனுக்கு முன்னால் இருக்கின்றன. அங்கே பேஸை ஏற்றினால் கனம் வராது, கொழகொழப்புதான் வரும். பேஸை 2, 3க்குள் வைத்துவிட்டு, வேண்டிய கனத்தை டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் வருகிற கிராஃபிக் ஈக்யூவில் (அலைவரிசைகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் பகுதி) சேர்க்க வேண்டும். அதே கம்பெனியின் ரெக்டிஃபையரில் குமிழ்கள் டிஸ்டார்ஷனுக்குப் பின்னால். இரண்டுக்கும் ஒரே எண்களை வைத்துவிட்டு "மார்க் மாடல் மோசம்" என்று சொல்வது நியாயம் இல்லை.

பழைய மார்ஷல் பிளெக்ஸிக்கு மாஸ்டர் வால்யூமே கிடையாது. உரக்க வைத்தால் பவர் ஆம்பும் (ஸ்பீக்கரை இயக்கும் கடைசிக் கட்டம்) சேர்ந்து டிஸ்டார்ட் ஆகும். ப்ளூஸ், ராக் ரசிகர்கள் தேடுகிற தடிமன் அதில்தான் இருக்கிறது. மாடலரில் மாஸ்டர் என்று ஒரு குமிழ் கொடுத்திருப்பார்கள். பக்கத்து வீட்டை நினைத்து அதை 2இல் வைத்தால் மெலிந்த இரைச்சல்தான் மிஞ்சும். மாஸ்டரை ஏற்றிவிட்டு வெளியேறும் சத்தத்தைத் தனியே குறையுங்கள். ஹெலிக்ஸ் என்ற மாடலரில் அதற்குச் சேனல் வால்யூம் இருக்கிறது. அது டோனைத் தொடாது. அப்புறம், இந்த வகை ஆம்புக்குச் சுத்தமான டோனுக்கென்று தனிப் பேட்ச் போடாதீர்கள். கிட்டாரின் வால்யூம் குமிழை இறக்கினாலே போதும்.

ஃபெண்டர் பிளாக்ஃபேஸ் ஆம்ப்கள் இயல்பிலேயே மிட் குறைந்தவை. மெட்டல் பழக்கத்தில் அங்கேயும் மிட்டை இறக்கினால் ஒன்றும் மிஞ்சாது. வாக்ஸ் ஏசி30இல் கட் என்ற குமிழைக் கூட்டக் கூட்ட உயர் ஒலி குறையும். மற்ற ஆம்ப் பழக்கத்தில் அதை எதிர்ப்பக்கம் திருகிவிட்டுக் காது குத்துகிறது என்பவர்கள் ஏராளம்.

மெட்டலுக்கு இறுக்கம் வரவில்லையா? கெய்னைத் தொடாதீர்கள். ஆம்புக்கு முன்னால் ஒரு ட்யூப் ஸ்க்ரீமர் (ஓவர்டிரைவ் பெடல்) மாடலை வைத்து, டிரைவை அடியோடு குறைத்து, லெவலை ஏற்றுங்கள். அது அடி ஒலியைக் குறைத்து மிட்டைத் தூக்கி ஆம்புக்குள் அனுப்பும்.

ஜாஸுக்காக எல்லா இடத்திலும் இருட்டாக்குவது

நெக் பிக்கப் (கிட்டாரின் கழுத்துப் பக்கம் இருக்கிற, ஒலி மந்தமான பிக்கப்), கிட்டாரில் டோன் குமிழ் பாதி, ஆம்பில் ட்ரெபிள் பாதி, அதற்கு மேல் ஒரு மந்தமான கேப் (ஸ்பீக்கர் பெட்டி). நான்கு இடத்திலும் குறைத்தால் ஸ்வரம் தொடங்குகிற இடமே காணாமல் போகும். ஒரே இடத்தில் குறையுங்கள், முடிந்தால் கிட்டாரில். ட்யூப் ஆம்ப்தான் வேண்டும் என்றும் இல்லை. 1975இல் வந்த ரோலண்ட் ஜேசி-120 முழுக்க டிரான்சிஸ்டர். அதன் மாடலில் டோன் கரகரக்காமல் சத்தத்தை ஏற்ற நிறைய இடம் இருக்கும்.

கேப்பைக் கடைசியில் பார்ப்பது

கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சரசரவென்று இறங்கிவிடும். எந்த ஸ்பீக்கர், மைக் எங்கே நிற்கிறது என்பது ஈக்யூவைவிடப் பெரிய மாற்றத்தைத் தரும். மைக்கை ஸ்பீக்கரின் நடுவிலிருந்து விளிம்புப் பக்கம் நகர்த்தினால் கூர்மை தணியும். மெட்டல், ஹார்ட் ராக் வாசிப்பவர்கள் பின்புறம் மூடிய 4x12 கேப்பில் (நான்கு 12 அங்குல ஸ்பீக்கர்) தொடங்கலாம். கன்ட்ரி, ப்ளூஸ் பக்கம் இருப்பவர்கள் பின்புறம் திறந்த சின்னக் கேப்பில். ஐஆர் கோப்புகளை (கேப், மைக்கின் ஒலித்தன்மையைப் பதிந்தவை) நூற்றுக்கணக்கில் வாங்கிக் குவிக்காதீர்கள். மூன்று போதும்.

இரண்டு கேப்

அசல் கிட்டார் கேப்பில் செருகினால் மாடலரின் கேப்பை அணைத்துவிடுங்கள்.

ரிவெர்ப்

பாதியாக்குங்கள். குழுவோடு வாசிக்கும்போது அதிலும் பாதி.

இசையின் பெயர் வைத்த ப்ரீசெட்கள்

மாடலரோடு வருகிற இந்த ஆயத்தப் பேட்ச்கள் தனியாகக் கேட்டு மயங்குவதற்காகச் செய்தவை. ஆம்பையும் கேப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அணைத்துக் கேளுங்கள்.

பேட்ச்களின் சத்தத்தைக் கண்ணால் சமன்செய்வது

டிஸ்டார்ஷன் ஏறிய டோன் நசுங்கியிருக்கும். மீட்டரில் உச்சம் குறைவாகக் காட்டினாலும் காதுக்கு உரக்கக் கேட்கும். சுத்தமான டோனின் உச்சங்கள் துள்ளும், ஆனால் சராசரியாக மெதுவாகவே கேட்கும். மீட்டரைப் பார்த்து இரண்டையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்தால், பாட்டின் நடுவில் சுத்தமான டோனுக்கு மாறும்போது கிட்டார் மறைந்துவிடும். ட்ரம்ஸ் டிராக்கை ஓடவிட்டு, மாறி மாறி மிதித்துக் காதால் சமன்செய்யுங்கள். சோலோ பேட்சுக்கு மட்டும் 3 டெசிபல் போலக் கூடுதலாகக் கொடுங்கள். அதற்குக் கெய்னை ஏற்றாதீர்கள், லெவலை ஏற்றுங்கள்.