பெயர் பள்ளியில், படிப்பு வீட்டில்: ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கட்டணமில்லாமல் இணையவழியில் படிக்க வைப்பது எப்படி?

கடலூர் முதுநகரில் இருக்கும் என் அக்கா மகன் ஏழாம் வகுப்புப் படித்தபோது மாடிப்படியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாது என்று மருத்துவர் சொன்ன அன்று மாலையே, அமெரிக்காவில் இருக்கும் உறவினர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "இங்கே வீட்டிலிருந்தபடியே அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள், ஒரு பைசா கட்டணம் கிடையாது, அவனையும் அப்படி ஒன்றில் சேர்த்துவிடுங்களேன்" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. ஃபுளோரிடா மாநிலத்தின் இணையவழி அரசுப் பள்ளி 1997 முதல் நடந்து வருகிறது. அந்த மாநிலத்தில் குடியிருக்கும் பிள்ளைகளுக்கு அங்கே கட்டணம் இல்லை. அந்த மாநில மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளி என்பதால் முதுநகரில் இருக்கும் பிள்ளைக்கு அதில் இலவச இடம் கிடைக்காது.

சரி, நம் நாட்டில் என்ன இருக்கிறது? டெல்லி அரசு 2022 ஆகஸ்டில் ஓர் இணையவழிப் பள்ளியைத் தொடங்கியது. ஆனால் அது ஒன்பதாம் வகுப்பிலிருந்துதான் பிள்ளைகளைச் சேர்த்தது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பத்தாம் வகுப்புப் படிப்பில் சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆகவே நடுநிலை வகுப்புகளுக்கென்று முழுநேர இணையவழி அரசுப் பள்ளி ஒன்றைக் கடலூரிலோ புதுச்சேரியிலோ தேடி அலைய வேண்டாம். அப்படி ஒன்று இங்கே இல்லை. இருப்பது வேறு வகையானது: பாடப்புத்தகம், காணொலி, தொலைக்காட்சி, பயிற்சி வினா ஆகிய எல்லாவற்றையும் அரசு இலவசமாகவே கொடுத்திருக்கிறது, அவற்றைக் கோத்து ஒரு பள்ளிக்கூடமாக ஆக்கும் வேலை மட்டும் வீட்டில் உள்ளவர்களிடம் விடப்பட்டிருக்கிறது. நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருப்பதால் எங்கள் வீட்டில் அந்த வேலை என் தலையில் விழுந்தது. அந்த மூன்று மாதத்தில் செய்து பார்த்ததையும், பள்ளிப் பக்கத்திலிருந்து எனக்குத் தெரிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலாவதும் முக்கியமானதுமான செய்தி, மாற்றுச் சான்றிதழை வாங்காதீர்கள் என்பதே. வீட்டிலிருந்து படிக்கப் போகிறான், பிறகு எதற்குப் பள்ளியில் பெயர் என்று சிலர் அவசரப்பட்டு டி.சி. வாங்கிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் எமிஸ் எண், அதாவது கல்வித் துறையின் கணினிப் பதிவேட்டில் அவருக்குரிய அடையாள எண் உண்டு, டி.சி. கொடுத்த உடனே அந்த எண் பள்ளியின் பட்டியலிலிருந்து விலகி, நாங்கள் காமன் பூல் என்று சொல்லும் பொதுத் தொகுப்புக்குப் போய்விடும், வேறு பள்ளி சேர்த்துக்கொள்ளும் வரை அங்கேயே கிடக்கும். அப்படிக் கிடக்கும் காலத்துக்கு எந்த வகுப்பும் கணக்கில் இல்லை. அரசுப் பள்ளிப் பிள்ளையாக இருந்தால் இழப்பு இன்னும் பெரியது. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, பெண் பிள்ளைகளுக்கான புதுமைப் பெண் திட்டம், ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் எல்லாமே ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை எங்கே படித்தார் என்பதைத்தான் பார்க்கின்றன. பிந்தைய இரண்டிலும் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. எட்டாம் வகுப்பில் எழுதும், மத்திய அரசு உதவித்தொகைக்கான என்.எம்.எம்.எஸ். தேர்வில் தேறி உதவித்தொகைக்குத் தேர்வு பெற்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரும். அதையும் அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளியின் பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் எழுத முடியும். நடுநிலை வகுப்புகளில் என்ன பெரிதாகப் போய்விடும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆகவே தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பிள்ளையின் பெயர், வகுப்பு, எமிஸ் எண், வர இயலாத காரணம், எந்தத் தேதி வரை என்பவை அதில் இருக்கட்டும். மருத்துவச் சான்றின் நகலை இணையுங்கள். கடிதத்தின் ஒரு நகலில் கையொப்பமும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காரணம் தெரிவிக்காமல் நெடுநாள் வராத பிள்ளை இடைநின்றவர் பட்டியலுக்குப் போய்விடக் கூடும், கடிதம் இருந்தால் அந்தக் குழப்பம் வராது. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை என்பதால் ஆண்டு வீணாகுமோ என்ற அச்சம் இங்கே வேண்டாம். பாடம் வீணாகுமோ என்பதுதான் நாம் கவலைப்பட வேண்டியது.

மாற்றுத்திறன் உள்ள பிள்ளையாக இருந்தால் வழி வேறு. கடுமையான குறைபாடும் பன்முகக் குறைபாடும் உள்ள குழந்தைகள் வீட்டிலிருந்தே கல்வி பெறுவதைக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 ஆம் ஆண்டுத் திருத்தம் உரிமையாகவே ஆக்கியிருக்கிறது. இதற்கு அணுக வேண்டிய இடம், ஒவ்வொரு வட்டாரத்திலும் இருக்கும் கல்வித் துறையின் வட்டார வள மையம். அங்கிருந்து சிறப்பாசிரியர் வீட்டுக்கு வருவார். கேட்டால்தான் கிடைக்கும் என்பதால் பள்ளி வழியாகவும் நேரிலும் கேளுங்கள்.

அடுத்து, எந்தப் பாடத்திட்டம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மற்ற மாவட்டத்தாருக்கு இது ஒரு கேள்வியே இல்லை, கடலூர், புதுச்சேரி எல்லையில் இருக்கும் நமக்கோ இதுதான் சிக்கல். ரெட்டிச்சாவடியில் வீடும் புதுச்சேரியில் பள்ளியுமாகக் குடும்பங்கள் இருக்கின்றன. கிருமாம்பாக்கத்தில் வீடும் கடலூரில் பள்ளியுமாகவும் இருக்கின்றன. கடலூர் அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் நடக்கின்றன. புதுச்சேரி அரசுப் பள்ளிகளின் நடுநிலை வகுப்புகள் 2023-24 முதல் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. பக்கத்து வீட்டுப் பிள்ளை பார்க்கிறான் என்று அதே காணொலியை நம் பிள்ளைக்கும் போட்டுவிட்டால், ஒரு மாதம் கழித்துத்தான் அது வேறு புத்தகத்தின் பாடம் என்று தெரியவரும்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு மாநிலக் கல்வித் துறையின் மணற்கேணி செயலியும் 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும் பாடப்புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் விரைவுக் குறியீடுகளும் (கியூஆர் கோடு) போதும். ஆறு, ஏழாம் வகுப்புகளுக்குப் புத்தகம் மூன்று பருவங்களாக வருவதால் சரியான பருவப் புத்தகம் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்கு என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களும், ஒரு வகுப்புக்கு ஓர் அலைவரிசை என்ற முறையில் நடக்கும் பி.எம். இ-வித்யா தொலைக்காட்சியும் இருக்கின்றன; ஏழாம் வகுப்புக்கு ஏழாவது அலைவரிசை என்பதால் நினைவு வைத்துக்கொள்வதும் எளிது. மத்திய அரசின் திக்‌ஷா இணையப் பாடத் தளம் இரு தரப்புக்கும் பொது. அதில் பாடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்து, இணையம் இல்லாதபோதும் பார்க்கலாம். தினசரி டேட்டா மாலைக்குள் தீர்ந்துவிடும் வீடுகளுக்கு இந்த ஒரு வசதியே பெரிய உதவி.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களுக்கு இன்னொரு கதவும் உண்டு. பிரான்சின் அரசுத் தொலைநிலைக் கல்வி நிறுவனம், போர் மூண்ட 1939 ஆம் ஆண்டில் பள்ளிக்குப் போக முடியாத பிள்ளைகளுக்கு அஞ்சல் வழியாகப் பாடம் அனுப்புவதற்காகப் பிறந்தது. இன்று அது இணையத்தில் நடக்கிறது. ஆனால் வெளிநாட்டிலிருந்து சேர்பவர்கள் கட்டணம் செலுத்த வேண்டும் என்பதால் இந்தக் கட்டுரையின் எல்லைக்குள் அது வராது.

இனி வீட்டுக்குள் நடக்க வேண்டிய வேலை. அமெரிக்க இணையவழிப் பள்ளிகளில் சேரும் பிள்ளைக்கு வீட்டில் பெரியவர் ஒருவர் கற்றல் துணையாகப் பொறுப்பேற்பது பரவலான வழக்கம். உறவினர் சொல்ல மறந்தது இதைத்தான். பதினொரு வயதுக்கும் பதின்மூன்று வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளையிடம் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு, இணையவழியில் படிக்கிறான் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை.

எங்கள் வீட்டில் முதல் வாரம் அப்படித்தான் நடந்தது. அடுக்களை ஜன்னல் ஓரமாகக் கட்டிலைப் போட்டு, அவன் மடியில் வைத்த பலகையின் மேல் உப்பு ஜாடியில் கைப்பேசியைச் சாய்த்து வைத்திருந்தோம். முழுக்கள் பாடத்தை இரண்டு முறை பார்த்துவிட்டு, "புரிஞ்சிடுச்சு சித்தி" என்றான். −7 −(−3) என்று எழுதிக் கொடுத்தேன். சற்றும் தயங்காமல் −10 என்றான். காணொலியில் அந்த ஆசிரியர் போட்டுக் காட்டிய கணக்கை அவன் வரிக்கு வரி ஒப்பித்தான். எண்ணை மாற்றியதும் நின்றுவிட்டான். அன்றே கைப்பேசியை அணைத்து வைத்துவிட்டு, ஏழு ரூபாய் கடன் இருக்கிறது, அதில் மூன்று ரூபாய்க் கடனைத் தள்ளுபடி செய்துவிட்டேன், மீதிக் கடன் எவ்வளவு என்று கேட்டேன். "நாலு ரூபா கடன்... அப்ப மைனஸ் நாலா?" என்று அவனே வந்து சேர்ந்தான்.

அதற்குப் பிறகு ஒரு முறையை வைத்துக்கொண்டோம். காணொலி இருபது நிமிடத்துக்கு மேல் ஓடாது. முடிந்ததும் திரையை மூடிவிட்டு, பார்த்ததைப் புத்தகம் திறக்காமல் ஐந்து வரியில் எழுத வேண்டும். அதன்பின் புத்தகத்தின் பயிற்சியிலிருந்து, காணொலியில் வராத கணக்கு இரண்டு. காலையில் கணிதமும் அறிவியலும், பிற்பகலில் மொழிப்பாடங்களும் சமூக அறிவியலும் என்று பிரித்தோம். ஒரு நாளைக்கு மூன்றரை மணி நேரத்துக்கு மேல் போகவில்லை. பள்ளியில் வருகைப்பதிவு, வரிசை, மணி, அடுத்த ஆசிரியர் வரும் வரை கூச்சல் என்று கழியும் நேரம் வீட்டில் இல்லை என்பதால் அதுவே போதுமானதாக இருந்தது. அக்கா பள்ளி இறுதி வரைகூடப் படிக்கவில்லை, ஆனாலும் எழுதிய ஐந்து வரியை வாசிக்கச் சொல்லிக் கேட்பதற்கு அவளால் முடிந்தது. "அப்புறம்?" என்று அவள் கேட்கும் ஒரு கேள்வியில் அவன் விட்டுவிட்டது என்ன என்று அவனுக்கே தெரிந்துவிடும்.

வாரத்துக்கு ஒரு நாள், குறிப்பேட்டின் பக்கங்களைப் படம் எடுத்து வகுப்பாசிரியருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். எல்லா ஆசிரியரும் பதில் போட மாட்டார்கள், அவர்களுக்கும் வேலை இருக்கிறது. பதில் வராவிட்டாலும் அனுப்புங்கள்; பருவத்தின் இடையே வகுப்பில் போடும் வளரறி மதிப்பீட்டுக்கு ஏதாவது ஆதாரம் வேண்டும் என்று பின்னால் கேட்டால் அந்தப் படங்கள்தான் இருக்கும். சனிக்கிழமை மாலையில் வகுப்புத் தோழர்கள் இருவரை வரச் சொல்லுங்கள். இந்த வயதுப் பிள்ளைக்குத் தோழன் இல்லாத மூன்று மாதம், கால் வலியைவிடக் கொடுமை.

இந்தக் கடற்கரையில் மின்சாரத்தையும் நம்பி இருக்க முடியாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோதும், அதை அடுத்துத் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோதும் எந்தச் செயலியும் யாருக்கும் பயன்படவில்லை. அக்டோபரிலேயே அச்சுப் புத்தகங்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். இணையவழிப் பள்ளி என்று பெயர் வைத்துக்கொண்டு, டி.சி. வாங்கி வந்து சேருங்கள் என்று அழைக்கும் தனியார் நிறுவனங்கள் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படி ஒன்றில் ஓராண்டுக்குப் பணம் கட்டிவிட்டு, அங்கே கொடுத்த சான்றிதழை எந்தப் பள்ளியும் ஏற்காததால் திண்டாடியது. எந்த நிறுவனமானாலும், அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கு அரசு கொடுக்கும் பதினோரு இலக்க யூடைஸ் எண்ணைக் கேளுங்கள். தமிழ்நாட்டுப் பள்ளியின் எண் 33 என்றும் புதுச்சேரிப் பள்ளியின் எண் 34 என்றும் தொடங்கும். எண்ணைச் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே டி.சி. வாங்கிவிட்டு ஓராண்டோ ஈராண்டோ இழந்த பிள்ளைக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. பதினான்கு வயதுக்குள் இருந்தால் கல்வி உரிமைச் சட்டத்தின்படி வயதுக்கு ஏற்ற வகுப்பில் அரசுப் பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும். விடுபட்ட பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும். பள்ளிக்கே திரும்ப முடியாத நிலையில், பன்னிரண்டரை வயது நிறைந்தவர்கள் தமிழ்நாட்டு அரசுத் தேர்வுகள் துறை நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை எழுதலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் அடிப்படைக் கல்வித் திட்டத்திலும் எட்டாம் வகுப்புக்கு இணையான சி நிலை இருக்கிறது.

பிள்ளை பள்ளிக்குத் திரும்பும் நாளுக்குப் பத்து நாள் முன்பாகவே, காலையில் எழும் நேரத்தைப் பள்ளி நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். வகுப்பில் எந்தப் பாடம் நடக்கிறது என்று தோழர்களிடம் கேட்டு, அந்தப் பாடத்தை வீட்டில் தொட்டுவிட்டு அனுப்புங்கள், முதல் நாள் விழிக்க வேண்டியிருக்காது. பேருந்து அட்டை செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். சீருடையையும் ஒரு முறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் பையனுக்கு அந்த மூன்று மாதத்தில் கால்சட்டை இரண்டு விரற்கடை ஏறிப்போயிருந்தது, முதல் நாள் காலை ஏழரை மணிக்குத்தான் அதைக் கண்டுபிடித்து, மடிப்பைப் பிரித்துத் தைத்தோம்.