குறைமாதக் குழந்தையை ஏர் ஆம்புலன்ஸில் வேலூருக்குக் கொண்டுவருவது எப்படி?

விமானத்தைக் கடைசியாக ஏற்பாடு செய்யுங்கள். வெளிநாட்டில் குறைப்பிரசவம் என்று போன் வந்ததும் வீட்டில் எல்லாரும் தேடுவது ஏர் ஆம்புலன்ஸ் கம்பெனியின் நம்பரைத்தான். பணம் தயாராக இருந்தால் விமானம் சீக்கிரமே கிடைத்துவிடும். இழுத்தடிப்பவை இரண்டு: இங்கே ஒரு என்.ஐ.சி.யூ. (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) படுக்கை, அங்கே குழந்தைக்கு ஒரு பாஸ்போர்ட். என் தங்கைக்கு துபாயில் 29-வது வாரத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. காட்பாடியில் இருந்தபடி தாய்மாமன் என்ற முறையில் இந்தப் பக்கத்து வேலைகளை நான் பார்த்தேன், அந்தப் பக்கத்தை மாப்பிள்ளை பார்த்தார். அதில் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

1. இப்போதே கொண்டுவரத்தான் வேண்டுமா?

இதை அங்குள்ள குழந்தை மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். மிகச் சீக்கிரம் பிறந்த குழந்தைகளுக்கு முதல் மூன்று நாட்களில் மூளைக்குள் ரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் அதிகம். அந்த நேரத்தில் தூக்கி அசைப்பதே ஆபத்து. அங்கே நல்ல என்.ஐ.சி.யூ. இருந்தால் முதல் வாரம் அங்கேயே இருக்கட்டும்.

காப்பீட்டையும் உடனே பாருங்கள். துபாயில் பிறந்த குழந்தைக்கு முதல் 30 நாட்கள் தாயின் பாலிசியிலேயே பாதுகாப்பு உண்டு. ஊருக்கு அனுப்பும் செலவு பல பாலிசிகளில் கிடையாது. கட்ட முடியாத நிலை என்றால் தூதரகத்தில் இந்தியச் சமூக நல நிதி பற்றிக் கேளுங்கள். 2009-இல் தொடங்கிய இந்த நிதி, கஷ்டத்தில் இருக்கும் இந்தியர்களின் அவசர மருத்துவத்துக்கும் உதவுகிறது. வெளியுறவுத் துறையின் 'மதத்' (MADAD) என்ற குறைதீர்ப்பு இணையதளத்திலும், தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையிலும் மனு போடலாம். மூன்று இடத்துக்கும் ஒரே நாளில் அனுப்பிவிடுங்கள்.

பொறுக்க முடியுமானால் இன்னொரு வழியும் இருக்கிறது. குழந்தை தானாக மூச்சு விட்டு, பால் குடித்து, எடை ஏறிய பிறகு, ஒரு நர்ஸ் துணையோடு சாதாரண பயணிகள் விமானத்திலேயே வரலாம். செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் பயணிகள் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் 8,000 அடி உயர மலை மேல் இருப்பதுபோல் குறையலாம். தரையில் 15 சதவீத ஆக்சிஜனை சுவாசிப்பதற்கு அது சமம். நுரையீரல் முழுதாக வளராத குழந்தைக்கு இது தாங்குமா என்று மருத்துவர் சோதித்துச் சொல்ல வேண்டும். பயணிக்க உடல்தகுதி உண்டா என்று விமான நிறுவனம் கேட்கும் மெடிஃப் படிவத்தையும் அவரே நிரப்ப வேண்டும்.

2. டாக்டரும் டாக்டரும் பேசட்டும்

குடும்பத்தார் போன் செய்து "பெட் இருக்கா?" என்று கேட்டால் பதில் சரியாக வராது. அங்குள்ள மருத்துவர் இங்குள்ள பச்சிளங்குழந்தைப் பிரிவின் மருத்துவரோடு பேச வேண்டும். அவர் குழந்தையை ஏற்றுக்கொள்வதாக எழுத்தில் தர வேண்டும். அந்தக் கடிதம் இல்லாமல் நல்ல ஏர் ஆம்புலன்ஸ் குழு எதுவும் கிளம்பாது.

வேலூர்க்காரர்களுக்கு மனதில் முதலில் வருவது சி.எம்.சி.தான். டவுனில் உள்ள ஆஸ்பத்திரியா, 2022-இல் திறந்த ராணிப்பேட்டை வளாகமா என்று கேட்டுக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். ஆம்புலன்ஸ் டிரைவருக்கு "சி.எம்.சி." என்று மட்டும் சொன்னால் போதாது. செலவு தாங்காது என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையிலும் விசாரியுங்கள்.

வெளியிலிருந்து வரும் குழந்தையைப் பெரும்பாலும் முதலில் தனி அறையில் வைத்து, கிருமிப் பரிசோதனைக்கு ஸ்வாப் எடுப்பார்கள். அதற்கும் இடம் வேண்டும். படுக்கை தாமதமாவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

3. காகிதங்கள்

இதை நிதானமாகப் படியுங்கள். நாள் போவது இங்கேதான்.

ஆஸ்பத்திரி தரும் பிறப்பு அறிவிப்பை வைத்து பிறப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்குப் பெற்றோரின் திருமணச் சான்றிதழ் அட்டெஸ்ட் செய்யப்பட்டதாகக் கேட்பார்கள். கோயிலிலோ மண்டபத்திலோ கல்யாணம் முடித்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, அந்தக் காகிதத்தைப் பீரோவில் வைத்துவிட்டுப் போனவர்கள்தான் நம்மில் அதிகம். பல நாடுகள் ஏற்கும் அப்போஸ்டில் என்ற ஒற்றை முத்திரை அமீரகத்துக்குப் போதாது. மாநில அரசு, வெளியுறவுத் துறை, அமீரகத் தூதரகம் என்று மூன்று முத்திரையும் வேண்டும். உங்கள் வீட்டில் யாராவது அங்கே கர்ப்பமாக இருந்தால் இன்றைக்கே அந்தச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள்.

அடுத்து பெயர். ஆஸ்பத்திரிப் பதிவுகள் எல்லாவற்றிலும் 'பேபி ஆஃப்' என்று போட்டு அம்மா பெயர்தான் இருக்கும். பாஸ்போர்ட்டில் குழந்தையின் பெயர் இருக்கும். இரண்டும் ஒரே குழந்தைதான் என்று ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். இனிஷியலோடு பெயர் வைக்கும் நமக்கு இன்னொரு சிக்கல். 2022 நவம்பர் முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை அமீரகம் விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை. குழந்தை பின்னால் அப்பாவிடம் திரும்பிப் போக வேண்டியிருக்கும். ஆகவே இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டுவிடுங்கள்.

பிறப்பை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். குழந்தைக்கு வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதி எழுதித் தர வேண்டும். பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு இதையும் முடித்துவிடலாம். உயிருக்கு அவசரம் என்றால் எமர்ஜென்சி சர்டிபிகேட் தருவார்கள். அது இந்தியாவுக்கு ஒருவழிப் பயணத்துக்கு மட்டும். திரும்பிப் போக இங்கே மறுபடி பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். கொஞ்சம் பொறுத்தாலும் பாஸ்போர்ட்டே மேல் என்பது என் கருத்து.

எங்களுக்குத் தடை வந்த இடம் போட்டோவும் ரேகையும். வெள்ளைப் பின்னணி வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும், மற்றவர் கை தெரியக் கூடாது. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு இங்குபேட்டரில் இருக்கும் குழந்தைக்கு இதை எப்படிச் செய்வது? பால் கொடுத்து முடிந்த சமயத்தில் நர்ஸ் தலைக்குக் கீழே வெள்ளைத் துணியை விரித்து, குழாயைச் சில விநாடிகள் மட்டும் விலக்கிப் பிடித்தார். மாப்பிள்ளை மேலிருந்து செல்போனில் எடுத்துக்கொண்டே இருந்தார். கண் திறந்த படம் ஒன்று தேறியது. ஸ்டுடியோக்காரர் தேவையில்லை, ஃபிளாஷ் போடவே கூடாது.

கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை. ஆணுக்கு இடது, பெண்ணுக்கு வலது. எங்கள் பாப்பாவுக்கு வலது கையில்தான் ஊசிக் குழாய் போட்டு மட்டை கட்டியிருந்தது. குழாயை இடது கைக்கு மாற்றும் நேரம் வரை காத்திருந்து, புளியங்கொட்டை அளவுகூட இல்லாத அந்த விரலை நர்ஸ் மையில் தொட்டு, கட்டத்துக்குள் ஒற்றி எடுத்தார். உடனே ஈரப் பஞ்சால் துடைத்தும் விட்டார். ஊசி மாற்றப் போகிறார்கள் என்றால் முன்கூட்டியே நர்ஸிடம் சொல்லி வைத்து, படிவத்தைக் கையோடு கொண்டுபோங்கள்.

மருத்துவ ஆவணங்களை சி.டி.யில் வாங்காதீர்கள். பாதி கம்ப்யூட்டரில் அதைப் போட இடமே இல்லை. எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பென்டிரைவிலும், டிஸ்சார்ஜ் சம்மரியை ஒரே பி.டி.எஃப். ஆகவும் வாங்கி, கடைசி மருந்து கொடுத்த நேரத்தோடு ஒரு அச்சுப் பிரதியும் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக போட்டோ அனுப்பினால் எந்த டாக்டராலும் படிக்க முடியாது.

4. கம்பெனியிடம் கேட்க வேண்டியவை

கட்டணம் லட்சங்களில் போகும் என்பதால் விலையை மட்டும் ஒப்பிடத் தோன்றும். அதற்கு முன் இவற்றைக் கேளுங்கள். டிரான்ஸ்போர்ட் இங்குபேட்டரும் பச்சிளங்குழந்தைக்கான வென்டிலேட்டரும் உண்டா? பச்சிளங்குழந்தைகளோடு பறந்து பழகிய டாக்டரும் நர்ஸும் வருவார்களா? பெரியவர்களைக் கொண்டுவரும் குழு எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் இதற்கு வேண்டாம். பயணம் நீண்டால் ஆக்சிஜனும் பேட்டரியும் எவ்வளவு நேரம் தாங்கும்? விமானத்துக்குள் தரைமட்ட அழுத்தம் வைத்துப் பறக்க முடியுமா? அப்படிப் பறந்தால் தாழ்வாகப் போக வேண்டும், எரிபொருள் கூடும், வழியில் இறங்கவும் நேரலாம். ஆனால் 8,000 அடி அழுத்தத்தில் உடலுக்குள் அடைபட்ட காற்று மூன்றில் ஒரு பங்கு விரிகிறது. நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்த குழந்தைக்கும், குடல் பாதித்த குழந்தைக்கும் இது உயிர்ப் பிரச்சினை.

படுக்கையிலிருந்து படுக்கை வரை அதே குழு வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். விமான நிலையத்தில் உள்ளூர் ஆம்புலன்ஸிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும் ஏற்பாட்டுக்குச் சம்மதிக்காதீர்கள்.

5. பயண நாளும் கடைசி 130 கிலோமீட்டரும்

கடைசிப் பால் எப்போது என்பதை டாக்டர்தான் சொல்வார். வயிற்றுக் காற்று வெளியேற வாய் வழியே போட்ட குழாயைத் திறந்து வைப்பார்கள். உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். இரைச்சல் பாதிக்காமல் காதுக்கு ஒட்டும் சிறு மூடி போடச் சொல்லிக் கேளுங்கள். பிழிந்த தாய்ப்பாலை ஐஸ் பேக் வைத்த பெட்டியில் 24 மணி நேரம் வரை வைக்கலாம்.

அப்துல்லாபுரத்தில் விமானத்தளம் இருக்கிறதே என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். வெளிநாட்டு விமானம் குடியேற்றமும் சுங்கமும் உள்ள இடத்தில்தான் இறங்க முடியும். பெங்களூரு 200 கிலோமீட்டருக்கு மேல். சென்னைதான் கிட்டம். ஆம்புலன்ஸ் விமானத்தின் அருகே வரை போக முன் அனுமதி வேண்டும். வண்டி நம்பரையும் டிரைவர் விவரத்தையும் கம்பெனி முன்கூட்டியே கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

சென்னையிலிருந்து வேலூருக்கு வரும் சாலை, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வாலாஜா வரை ஆறுவழிச் சாலை வேலை பல வருடங்களாக இழுத்துக்கொண்டிருந்த வழி. முந்தின நாள் யாராவது ஒருவர் அந்தச் சாலையில் போய், எங்கே மாற்றுப்பாதை, எங்கே பள்ளம் என்று பார்த்து டிரைவரிடம் சொல்லுங்கள். வேகத்தைவிடக் குலுங்காமல் வருவதுதான் முக்கியம் என்றும் சொல்லுங்கள். விடியும் முன் வேலூர் டவுனுக்குள் நுழையும்படி நேரம் குறித்தால் நல்லது. காலையில் வெளிநோயாளிகள் கூட்டம் தொடங்கிவிட்டால் ஆற்காடு ரோட்டில் சைரனுக்கும் வழி கிடைக்காது.

பின்சேர்க்கை

இதைப் படித்த குவைத் நண்பர் ஒருவர், கண் பரிசோதனை நாள் பயணத்தில் தவறிப்போனதாக எழுதியிருந்தார். 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கும், 2 கிலோவுக்குக் குறைந்த எடையில் பிறந்தவர்களுக்கும் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடக்க வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே. தவறினால் பார்வையே போகலாம். அந்தத் தேதியை டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள், இங்கே சேர்த்த அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

அம்மாவும் கூட வரலாமா என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் துணைக்கு ஒருவருக்கு இடம் இருக்கும். சிசேரியன் ஆனவர் என்றால் அவருக்கும் தனியாகப் பயணத் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். வர முடியாவிட்டால் அங்கேயே பாலைப் பிழிந்து சேமித்துவிட்டு அடுத்த விமானத்தில் வரட்டும். தங்கை அப்படித்தான் வந்தாள்.