லா பாஸ்ல ஏறுறதுக்கு கேபிள் கார், இறங்குறதுக்கு நடை

பொலிவியாவோட லா பாஸ் போறீங்கன்னா பிளானை இப்படி போடுங்க, மேடு ஏறணும்னா மி டெலிஃபெரிகோ கேபிள் கார், இறக்கம்னா மட்டும் நடை. ஊரே சுமார் 3,600 மீட்டர் உயரத்துல இருக்கு, காத்தழுத்தம் கடல்மட்டத்துல இருக்கறதுல மூணுல ரெண்டு பங்குதான், அதனால ஒரு சின்ன மேடு ஏறினாலே நல்லா மூச்சு வாங்கும், டாக்ஸி எடுத்தா டிராஃபிக்ல மாட்டிக்கும். மஞ்சள் லைன்ல சோபோகாச்சி ஸ்டேஷன்ல இறங்கி அவரோவா பிளாசா வரைக்கும் இறக்கமா நடந்து பாருங்க, அவ்ளோ அழகு! ஆனா வந்த முதல் நாளே மேல இருக்கற பக்கத்து ஊரான எல் ஆல்ட்டோ வரைக்கும் போகாதீங்க, அது 4,000 மீட்டருக்கு மேல, தலைவலி வந்துடும். மழை பேஞ்சாலும் நடை வேண்டாம், ரோடு வழுக்கும்.