வெண்கலச் சிலைக்குப் பழுப்பு நிறம் ஏற்றும் முறை

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இந்த வேலைக்கு முதல் எதிரி போர்வெல் தண்ணீர்தான். உப்பும் ஃப்ளோரைடும் மிகுந்த தண்ணீர் காய்ந்தால் வெண்கலத்தில் வெள்ளைத் திட்டு விழும். ரசாயனம் கலக்கவும் கடைசி அலசலுக்கும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

சிலையைப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரால் தேய்த்து அலசுங்கள். ஈரம் படலமாக விரிய வேண்டும். முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் போகவில்லை. அசிட்டோனால் துடைத்து, மறுபடி கழுவுங்கள். இதற்குமேல் வெறுங்கை படக்கூடாது, விரல் ரேகை அப்படியே நிறத்தில் தெரியும்.

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில், வெண்கலத்தைக் கருக்கவைக்கும் கந்தகச் சேர்மமான லிவர் ஆஃப் சல்ஃபரை 5 கிராம் கரையுங்கள். சிலையை வெந்நீரில் சூடாக்கி, மென்மையான பிரஷ்ஷால் கீழிருந்து மேலாகப் பூசுங்கள். பொன்னிறம், செம்பழுப்பு, கரும்பழுப்பு என்று நிறம் மாறும். வேண்டிய நிறத்துக்குச் சற்று முன்பே குளிர்ந்த நீரில் அலசிவிடுங்கள். கருமை சீக்கிரம் வரட்டுமென்று கரைசலைக் கெட்டியாக்கினால் சல்ஃபைடு படலம் தடித்து, பிடிப்பின்றிச் செதில் செதிலாக உதிரும். நீர்த்த கரைசலை இரண்டு மூன்று முறை பூசுவதே நிலைக்கும்.

மூக்கு நுனி, முழங்கால், ஆடை மடிப்பின் மேடுகளை ஸ்காட்ச்பிரைட்டால் லேசாகத் தேய்த்தால் உருவம் எழுந்து நிற்கும். பள்ளங்களைத் தொடாதீர்கள்.

நன்றாகக் காய்ந்தபின் சிலையை இளஞ்சூடாக்கி, தேன்மெழுகு மெல்லியதாகப் பூசிப் பருத்தித் துணியால் மெருகேற்றுங்கள்.

கையுறை, காற்றோட்டம் கட்டாயம். இந்தக் கரைசலில் அமிலம் கலந்தால் உயிரைப் பறிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும். பூஜையிலுள்ள பழைய சிலைகளில் இதைச் செய்யவே வேண்டாம்.