கேப்டன் டேப்பில் வளையும் கிராஃபீன் சென்சார்: முதல் தடவை செய்பவர்களுக்கு

வியர்வையில் உள்ள குளுக்கோஸை அளக்கும் சென்சார் ஒன்றை இங்கே செய்யப்போகிறோம். கிராஃபீன் (ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாள்) என்றதும் பெரிய உலை, தூசியில்லா அறை எல்லாம் வேண்டுமோ என்று தயங்காதீர்கள். 2014-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூர் குழுவினர் காட்டிய வழி எளிமையானது: பாலிமைடு என்ற வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக் படலத்தின் மேல் கார்பன் டை ஆக்சைடு லேசரை ஓட்டினால், பட்ட இடம் கிராஃபீனாக மாறும். அக்ரிலிக் பெயர்ப்பலகை வெட்டும் கடைகளில் இருப்பதும் பெரும்பாலும் இதே வகை லேசர்தான். ஒற்றை அடுக்கு கிடைக்காது, பல அடுக்குகள் நுரை மாதிரிக் கோத்து நிற்கும், ஆனால் பரப்பு அதிகம் என்பதால் சென்சாருக்கு அதுவே வசதி.

முதலில் பாலிமைடு டேப்பை (கடையில் கேப்டன், அதாவது Kapton, டேப் என்று கேளுங்கள்) பிளாஸ்டிக் தாளில் குமிழி இல்லாமல் ஒட்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, லேசரால் மூன்று மின்முனைகளை (வேலை செய்யும் முனை, ஒப்பீட்டு முனை, எதிர் முனை) வரையுங்கள். லேசரின் சக்தியைக் குறைவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். பழுப்பு நிறத்தோடு நின்றால் சக்தி போதவில்லை. கரி பஞ்சாகப் பிய்ந்து வந்தால் கூடிவிட்டது. நடுவில் வெல்வெட் மாதிரி ஒரு கருப்பு வரும், அதுதான் வேண்டும். குவியத்தைச் சற்றே விலக்கி வைத்தால் கோடு சீராக விழும். புகை நல்லதல்ல, எக்ஸாஸ்ட் ஓடாமல் லேசரைத் தொடவே கூடாது.

2 செ.மீ. நீளம், 2 மி.மீ. அகலக் கோட்டில் மல்டிமீட்டர் சில நூறு ஓம் காட்டினால் சரி. இப்போது பேனாவில் சுற்றிப் பிரித்து மறுபடி அளந்து பாருங்கள். எண் எகிறினால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், பிறகு இடப்போகும் விலையுயர்ந்த நொதியை அதில் வீணாக்காதீர்கள். என்னைக் கேட்டால் இந்தச் சோதனைதான் முழு வேலையிலும் முக்கியம், அவசரப்படுபவர்கள் தாண்டிப்போவதும் இதைத்தான்.

அப்புறம் ஒரு முனையில் வெள்ளி–வெள்ளி குளோரைடு பேஸ்ட் தடவிக் காயவையுங்கள், அது ஒப்பீட்டு மின்முனை. நடுக் கோடுகளை நெயில் பாலிஷால் மூடுங்கள். வேலை செய்யும் முனையில் பிரஷ்யன் நீலம் என்ற நிறமி, அதன்மேல் கைட்டோசான் என்ற பசை போன்ற பாலிமரில் கலந்த குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதி ஒரு சொட்டு. நொதி குளுக்கோஸை உடைக்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு வரும். பிரஷ்யன் நீலம் இருப்பதால் அதை 0 வோல்ட்டை ஒட்டியே அளக்கலாம், வைட்டமின் சி, யூரிக் அமிலத்தின் தொல்லை வெகுவாகக் குறையும்.

பொடென்ஷியோஸ்டாட்டில் (மின்னழுத்தத்தை நிலையாக வைத்து மின்னோட்டத்தை அளக்கும் கருவி) இணைத்து, அளவு தெரிந்த குளுக்கோஸ் கரைசல்களை நீர்த்ததிலிருந்து தொடங்கி வரிசையாக விட்டு மின்னோட்டத்தைக் குறித்து வரைபடம் போடுங்கள். வியர்வையில் குளுக்கோஸ் இரத்தத்தில் உள்ளதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான், அதனால் மிகக் குறைந்த அளவுகளில் கோடு நேராக வருகிறதா என்று பாருங்கள். இதில் வரும் எண்ணை நம்பி மாத்திரை, இன்சுலின் எதையும் மாற்ற வேண்டாம்.